இங்கிலீஷ் ஒப்பாரி

ஆர்கன் சத்தம் கேட்டால் எனக்கு இன்றும் பயம்தான். தேவாலயத்தில் வாசித்தாலும் சரி, கல்யாண மண்டபத்தில் வாசித்தாலும் சரி, கேட்ட மாத்திரத்தில் உள்ளங்கை வேர்த்துவிடும். டாக்டரிடம் சொல்லக்கூடிய வியாதி இல்லை. ஒரு பாட்டால் வந்த வியாதி. நாலு நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவாக ஓடும் பழைய இங்கிலீஷ் பாட்டு அது. அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் தேடிப் பிடித்துக் கேட்பீர்கள், கேட்டுவிட்டு இதற்கா இவ்வளவு பயந்தாய் என்பீர்கள். எனக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் நாகமலைக்கும் மேற்கே, காளவாசலிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். எங்கள் வகையறாவில் பத்தாவதைத் தாண்டிய முதல் பெண் நான்தான். அப்பா கிணற்றுத் தண்ணீரை நம்பி நெல்லும் வெங்காயமும் போட்டுவந்தார். அண்ணன் மண்வெட்டியைத் தொட மாட்டேன் என்று மைக் செட் வைத்திருந்தான். ஆறு குழாய் ஸ்பீக்கர், இரண்டு பெட்டி ஸ்பீக்கர், ஒரு கட்டு டியூப் லைட். காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை எல்லாவற்றுக்கும் அவன்தான். சாவு வீட்டுக்கும் குழாய் கட்டியாக வேண்டும், இல்லையென்றால் செத்தவருக்கு மரியாதை இல்லை.

அவனுக்கு வேண்டிய கேசட்டுகளைக் காளவாசலில் ஒரு ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கி வருவது என் வேலை. அண்ணன் பாட்டு லிஸ்ட்டை ஒரு தாளில் எழுதித் தருவான். கல்லூரிக்குப் போகும்போது கொடுத்தால் இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து முழுக்கக் கேட்டு, பாட்டு வரிசை சரிதானா என்று பார்த்து, அட்டையில் பேர் எழுதுவதும் நான்தான். என் கையெழுத்தில் அண்ணனுக்குப் பெருமை உண்டு. அதைக் காட்டிக்கொள்ளாமல், “கோழி கெளறுன மாதிரி எழுதாம ஒழுங்கா எழுது” என்பான்.

அந்தக் கடைக்காரருக்கு ஒரு பழக்கம். லிஸ்ட்டில் உள்ளதெல்லாம் முடிந்தும் டேப்பில் இடம் மிச்சம் இருந்தால் சும்மா விட மாட்டார். தனக்குப் பிடித்ததில் எதையாவது போட்டு நிரப்பிவிடுவார். அவர் கொடுக்கும் கொசுறு அது. ஒரு கார்த்திகை மாதம் ஐயப்பன் பாட்டு கேசட் ஒன்றைக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சரணம் சொல்லி முடித்த கையோடு ஆர்கன் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு வந்து பாட உட்கார்ந்தவர் மாதிரி இருந்தது. மெதுவாகத்தான் பாடினார். அவர் விட்ட இடத்தையெல்லாம் பின்னாலிருந்து நாலைந்து பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். குரல் மேலே ஏறிக்கொண்டே போய், இனிமேல் ஏற இடமில்லை என்கிற நேரத்தில் டேப் தீர்ந்து ‘டக்’ என்று நின்றது.

ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. என்னுடையது கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதுகிற இங்கிலீஷ். ஆனாலும் அந்த ஆள் அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு நாள் ரிவைண்ட் செய்து கேட்டேன். ஐந்தாம் நாள் கடையில் போய் நின்றேன்.

“அண்ணே, ஐயப்பன் பாட்டுக்குக் கடைசில ஒரு பாட்டு போட்டிருந்தீங்கல்ல.”

புகார் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். “சாமி பாட்டுக்குப் பின்னால போட்டிருக்கக் கூடாதும்மா. தெரியாமப் போட்டுட்டேன். ஒங்க அண்ணன் வஞ்சாரா?”

“இல்லண்ணே. அதோட முடிவு எனக்கு வேணும்.”

மனுஷருக்கு முகமெல்லாம் பல். “இம்புட்டு வருசத்துல என் கொசுறக் கேட்டு வந்த மொத ஆளு நீதாம்மா” என்றார். பாடுகிறவர் அமெரிக்காவில் ஒரு கறுப்பர், நீ பிறப்பதற்கு முந்திய பாட்டு, இன்னமும் உலகம் பூராவும் கேட்கிறார்கள் என்று சொன்னார். நான் ரிவைண்ட் செய்து சிரமப்பட வேண்டாம் என்று, ஓர் அறுபது நிமிடக் கேசட்டில் இரண்டு பக்கமும் அந்த ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிந்து கொடுத்தார்.

அந்தக் கேசட்டின் அட்டையில் நான் எதுவும் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது? எழுதினால் அண்ணன் கேட்பான். கேசட்டை ஒளித்துவைக்கக் கேசட் பெட்டியை விட நல்ல இடம் கிடையாது என்று முடிவு செய்து, நூறு கேசட்டுக்கு நடுவில் செருகிவைத்த புத்திசாலி நான். ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். ரிப்பேர் பார்த்த செட் டேப்பைத் தின்றுவிடுமோ என்கிற பயத்தில், அண்ணன் எப்போதும் பேர் எழுதாத கேசட்டைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பான். பேர் எழுதாததற்குப் பாட்டு இல்லை, போனால் போகட்டும் என்று அர்த்தம்.

ஒரு சனிக்கிழமை, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து சாயந்திரம் நாலரை மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஊருக்குள்ளிருந்து ஆர்கன் சத்தம் வந்தது.

குழாய் ஸ்பீக்கரில், வெங்காயக் காட்டைத் தாண்டி, அந்த ஆள் ஊருக்கே கேட்கும்படி கெஞ்சிக்கொண்டிருந்தார். முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தார். அது முடிந்து மறுபடி. நான் வந்த பஸ் திரும்பிக் காளவாசல் போவதற்காக எதிரே நின்றது. ஏறிவிடலாமா என்று நினைத்தேன். ஏறினால் நானே ஒத்துக்கொண்டது ஆகிவிடும். நடந்தேன். கிணற்றடியில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

அண்ணன் வாசலில் ஆம்ப்ளிபயரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் செட்டை அணைத்தான்.

“இது என்ன?”

“பாட்டு.”

“பாட்டுன்னு தெரியுது. என்ன பாட்டு?”

“தெரியலண்ணே. கடைல சும்மா குடுத்தாங்க.”

“தெரியாத பாட்டத்தான் ரெண்டு பக்கமும் பதிஞ்சு ஒளிச்சு வச்சியாக்கும்.” அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். “இது சர்ச்சுப் பாட்டு. கிறிஸ்துமஸ்ஸுக்குக் கொழாய் கட்டப் போனேன்ல, அங்க இதே பொட்டியத்தான் வாசிச்சாங்க. பொம்பளப் பிள்ளைக பின்னால நின்னு இப்படித்தான் பாடுச்சுக. நாளைக்குக் காளவாசல் போயி அந்தக் கடைக்காரனையும் கேக்குறேன்.”

உள்ளேயிருந்து அம்மா ஓடி வந்தாள். “யாருடி அவன்? எந்த ஊருக்காரன்?”

எங்கள் வீட்டில் சர்ச் என்றால் பையன். ஒரு பெண் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகப் போகிறாள் என்றால் யாரோ ஒருவன் கூட்டிக்கொண்டு போகிறான், அவ்வளவுதான். இது சர்ச் பாட்டு இல்லை என்று நான் சொன்னால் பிறகு என்ன பாட்டு என்பார்கள். இத்தனை உருகுகிற பாட்டு வேறென்னவாக இருக்கும்? காதல் பாட்டு என்றால் அதற்கும் பையன். எந்தப் பக்கம் ஓடினாலும் அந்தப் பையன் வாசலில் நின்றான். பையன் இருந்தால் கூட ஒருவேளை கையைக் காலைப் பிடித்துத் தப்பிக்கலாம். இல்லாதவனை நான் எங்கே போய் இல்லை என்று காட்டுவது?

எங்கள் பக்கம் கல்யாணம் ஆகாத பிள்ளைகள் சிலர் வயிற்று வலியில் செத்துப்போவார்கள். வெளியே அப்படித்தான் சொல்வது. எந்த ஆஸ்பத்திரியிலும் அந்த வலிக்கு மருந்து கேட்டிருக்க மாட்டார்கள். விடிவதற்குள் எரித்துவிடுவார்கள், பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். அன்றைக்கு அம்மா தட்டில் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் அந்தச் சோற்றைப் பார்த்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மறுபடி சோற்றைப் பார்த்தேன். பெற்றவள் போட்ட சோற்றை அப்படிப் பார்த்தேனே என்று இன்றைக்கும் எனக்கு அவமானமாக இருக்கிறது. பசிக்கவில்லை என்று சொல்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். என் அம்மா அப்படிப்பட்டவள் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளின் அம்மாமார் மட்டும் அப்படிப்பட்டவர்களாக இருந்திருப்பார்களா?

கடைசியில் அப்பாதான், “அண்ணன்ட்டக் கொண்டு போவோம். அவரு கேட்டுட்டுச் சொல்லட்டும்” என்றார்.

அண்ணன் என்று அவர் சொன்னது மிலிட்டரிப் பெரியப்பாவை. அப்பாவுக்குப் பங்காளி முறை. பட்டாளத்தில் இருபது வருஷம் வயர்லெஸ் பார்த்துவிட்டு வந்தவர். சுற்று வட்டாரத்தில் தந்தியோ பேங்க் நோட்டீஸோ கோர்ட்டுக் காகிதமோ எது இங்கிலீஷில் வந்தாலும் அவரிடம்தான் போகும். ஒரு எழுத்துக் கூட்டிச் சொல்ல மாட்டார், குறைத்தும் சொல்ல மாட்டார் என்று பேர். அந்தப் பேர்தான் என்னைக் கொன்றது. படுத்தேன் என்றுதான் பேர், கண் மூடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வீட்டு முன்னறையில் ஸ்டூலின் மேல் டேப் ரெக்கார்டரை வைத்தார்கள். பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்பாவும் அண்ணனும் பெஞ்சில். நான் கதவோரம் நின்றேன். அண்ணன் பட்டனை அமுக்கினான்.

நான் அவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்ட பாட்டு அன்றைக்கு எனக்குப் பாட்டாகவே கேட்கவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் பெரியப்பாவின் காதுக்குள் போவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். குரல் ஏறும் இடம் வந்தது, இறங்கியது, முடிந்தது. அண்ணன் அணைக்கக் கையை நீட்டினான். “இருக்கட்டும்” என்றார். இரண்டாவது முறை ஓடியது. மூன்றாவது முறையும் ஓடியது. நான் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“யாரு பதியச் சொன்னா இத?”

“நான்தான் பெரியப்பா.”

“என்ன பாட்டுன்னு தெரிஞ்சா பதிஞ்ச?”

“தெரியாது பெரியப்பா. முடிவு என்னன்னு கேக்கணும்னு இருந்துச்சு.”

அவர் கையை நீட்டி டேப்பை நிறுத்தினார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். “இது ஒப்பாரிப்பா” என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. “ஒப்பாரியா?”

“பொண்டாட்டி செத்துப் போச்சு. புருசங்காரன் அழுறான். பின்னால பாடுறது ஒறமொறப் பொம்பளைக. நம்மூர்ல கூடி மாரடிச்சு அழுகல? அதுதான் இது.”

“சர்ச்சுல பாடுற மாதிரி இருக்கே பெரியப்பா” என்றான் அண்ணன்.

“அவுங்க ஊர்ல பொணத்த சர்ச்சுக்குக் கொண்டு போயித்தானப்பா அடக்கம் பண்ணுவாக. அங்க ஆர்கன் இருக்காம ஒன் மைக் செட்டா இருக்கும்?” என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து முறைத்தார். “ஏத்தா, எல்லாரும் நல்லா இருக்க வீட்டுல ஒப்பாரி போடலாமா? காலேஜுக்குப் போயி இதத்தான் படிச்சியா?”

என் வாழ்க்கையில் யாரும் வைது நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். திங்கட்கிழமை நான் வழக்கம்போலக் கல்லூரிக்குப் போனேன். அண்ணன் காளவாசல் கடைக்குப் போகவில்லை. அந்தக் கேசட்டை என்னிடம் நீட்டி, “பேர் எழுதித் தா” என்றான். ‘இங்கிலீஷ் ஒப்பாரி’ என்று எழுதினேன். அந்த ஒரு அட்டையில்தான் என் கையெழுத்து நிஜமாகவே கோழி கிளறின மாதிரி இருந்தது.

பயம் அதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை, தொழிலாக மாறியது. அண்ணன் அந்தக் கேசட்டைச் சாவு வீடுகளில் போட ஆரம்பித்தான். முதல் சாவிலேயே சனத்துக்குப் பிடித்துவிட்டது. “அந்த வெள்ளக்காரன் ஒப்பாரியப் போடுண்ணே” என்று கேட்டு வாங்கினார்கள். அவர் வெள்ளைக்காரர் இல்லை என்று திருத்த எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த ஊர் மைக் செட்காரர்கள் அண்ணனிடம் வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். டேப் தேய்ந்து, பிறகு சிடியில் வந்தது. குரல் ஏறும் இடத்தில் கட்டிப் பிடித்து அழப் பெண்கள் பழகிக்கொண்டார்கள். ஒரு சாவு வீட்டில் என் பக்கத்தில் இருந்த என் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இப்படி அழுகப் புருசன் வாச்சாளே, குடுத்து வச்சவ” என்றாள்.

நானோ சாவு வீட்டுக்குப் போனால் பிணத்தை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் இங்கிலீஷ் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். பேங்க்காரர் வந்தால் பயம். வாத்தியார் வந்தால் பயம். கழுத்தில் ஐடி கம்பெனி அட்டை மாட்டிய பிள்ளைகள் ஊருக்கு வர ஆரம்பித்ததும் பயம் இரட்டிப்பானது. படித்து முடித்தேன், கல்யாணம் ஆகி ஆனையூர் வந்தேன், என் வீட்டுக்காரரிடம் கூட இதைச் சொல்லவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, காதில் விழுந்த நாலு வார்த்தையைத் தட்டித் தேடினேன். பாட்டு முழுவதும் வந்தது. அதில் யாரும் சாகவில்லை. அவள் இன்னொருவனோடு போகிறாள். இவன் போகாதே என்கிறான். சுத்தமான காதல் பாட்டு. சுற்றிலும் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடினேன்.

பெரியப்பாவுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. மூன்று முறை கேட்டார்.

அதன் பிறகு என் தாய்மாமன் இறந்தார். அண்ணன்தான் குழாய் கட்டியிருந்தான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளைப் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அண்ணனிடம் வந்தான். “மாமா, இது லவ் சாங். விட்டுட்டுப் போகாதன்னு லவ்வர்ட்டக் கெஞ்சுறான். சாவு வீட்ல போடுறீங்களே.”

நான் மூன்றடி தள்ளி நின்றேன். அண்ணன் அவனைப் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, என் இடுப்பில் என் பிள்ளை இருக்கிறது, ஆனாலும் ஓரடி பின்னால் போனேன்.

“போகாதன்னு கெஞ்சுறான்னு நீங்களே சொல்றீக மாப்ள” என்றான் அண்ணன். “சாவு வீட்ல வேற என்னத்தக் கெஞ்சுவாக?”

சொல்லிவிட்டு வால்யூமைக் கொஞ்சம் கூட்டினான். அன்று முழுக்க என் பக்கம் திரும்பவில்லை. அவனுக்குப் புரிந்ததா, புரிந்தும் விட்டுவிட்டானா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுத்த வாரம் பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். நடமாட்டம் குறைந்து கட்டிலோடு இருந்தார். அவருக்கு நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. “பெரியப்பா, அன்னைக்கு ஏன் ஒப்பாரின்னு சொன்னீங்க?” என்று கேட்டேன்.

எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

“ஒன் பாட்டுக்கு முன்னால ஒரு கடுதாசி எங்கிட்டப் படிக்க வந்துச்சுத்தா” என்றார். “மேலூருக்கு அங்கிட்டு, நமக்கு ஒறமொற வீடு. பெரிய படிப்புப் படிச்ச பிள்ள. இங்கிலீஷ்ல எழுதுனா வீட்ல எவனுக்கும் தெரியாதுன்னு நெனச்சு எழுதியிருக்கு. ஒருத்தனுக்கு எழுதுனது. பிடிச்சுட்டாங்க. கார் வச்சு என்னயக் கூட்டிட்டுப் போனாங்க. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. ஒரு எழுத்து விடாமப் படிச்சேன், அர்த்தமும் சொன்னேன். அந்தப் பிள்ள கதவோரமா நின்னு கேட்டுச்சு. காப்பி குடுத்தாங்க. குடிச்சுட்டு வந்துட்டேன்.”

“பெறகு?”

“மூணாம் நாளு சாவுக்குப் போனேன்” என்றார் பெரியப்பா. “நீயும் அதே மாதிரி கதவோரமாத்தான் நின்ன.”

நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதற்கென்று சொல்வது? அவள் கடிதத்தை அவர் உள்ளபடி படித்துச் சொன்னதால்தான் எனக்குப் பொய் கிடைத்தது. நான் படித்ததும், கல்யாணம் செய்துகொண்டதும், பிள்ளை பெற்றதும் அவள் செத்த பிறகு மிஞ்சியதில்தான். அவள் பெயரைக் கேட்டேன். பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.